வாஷிங்டனின் உயில்: யாருக்கு என்ன கிடைத்தது?

உயில் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பழைய தமிழ் சினிமாதான். பெரியவர் கட்டிலில் படுத்திருப்பார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காகிதத்தைப் பிரிப்பார். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு உயில் கிழியும், இல்லையென்றால் எரியும்.

நான் சொல்லப்போகும் கதையிலும் ஒரு உயில் எரிகிறது. ஆனால் இது நிஜமாக நடந்தது. 1799 டிசம்பர் 14, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். தொண்டை அடைத்து மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டன், மனைவி மார்த்தாவைக் கூப்பிட்டு, மேஜையில் இருக்கும் இரண்டு உயில்களையும் எடுத்து வரச் சொன்னார். இரண்டையும் பார்த்தார். ஒன்றைக் கொடுத்து, இது இனிமேல் செல்லாது, எரித்துவிடு என்றார். மார்த்தா அதை நெருப்பில் போட்டுவிட்டு, இன்னொன்றைப் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று ராத்திரியே வாஷிங்டன் இறந்துபோனார். பக்கத்திலேயே இருந்த அவருடைய செயலாளர் டோபையஸ் லியர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

எரிந்துபோன உயிலில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பிழைத்த உயிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாஷிங்டன் என்றால் நமக்குத் தெரிந்தது அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி, டாலர் நோட்டில் இருக்கும் முகம், அப்புறம் அந்தச் செர்ரி மரம் வெட்டிய கதை (அது வீம்ஸ் என்ற பாதிரியார் பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சேர்த்துவிட்ட கதை!). ஆனால் அவருடைய காலத்தில் அவர் முதலில் ஒரு பெரிய நிலச்சுவான்தார். பிறகுதான் மற்றதெல்லாம். நான் காமர்ஸ் மாணவன் என்பதால் போர்களைவிட அவருடைய சொத்துக் கணக்குதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. படிக்கப் படிக்க அந்தக் கணக்குக்குள் வேறொரு கதை இருப்பது தெரிந்தது.

நிலம் எப்படி வந்தது?

வாஷிங்டனின் அப்பா அகஸ்டின் 1743-இல் இறந்தபோது ஜார்ஜுக்கு வயது 11. அகஸ்டினுக்கு இரண்டு தாரம். அந்தக் காலத்து வர்ஜீனியாவில் மூத்த பையனுக்குத்தான் நல்ல சொத்து போகும். அதனால் பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த பெரிய நிலம் மூத்த தாரத்து மகன் லாரன்ஸுக்குப் போனது. அவர்தான் அதற்கு மவுண்ட் வெர்னான் என்று பெயர் வைத்தவர். இரண்டாம் தாரத்து மூத்த பையனான ஜார்ஜுக்குச் சின்னதாக ஒரு பண்ணையும் பத்து அடிமைகளும். பதினோரு வயதுப் பையனுக்குப் பத்து மனிதர்கள் சொத்து!

லாரன்ஸ் 1752-இல் இறந்தார். உயிரோடு இருந்த அவருடைய ஒரே மகளும் 1754-இல் இறந்துவிட்டாள். உயிலின்படி அடுத்த வாரிசு ஜார்ஜ். ஆனால் லாரன்ஸின் விதவை ஆன் உயிரோடு இருக்கும்வரை அனுபவ உரிமை அவருக்குத்தான். அவர் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எனவே ஜார்ஜ் தனக்கு வரப்போகும் நிலத்தைத் தன் அண்ணியிடமே குத்தகைக்கு எடுத்தார். வருஷத்துக்கு 15,000 பவுண்டு புகையிலை குத்தகை (அப்போது வர்ஜீனியாவில் புகையிலைதான் பணம் மாதிரி). 1761-இல் அண்ணி இறந்த பிறகுதான் நிலம் சொந்தமானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆயுள் உரிமை என்பது அனுபவிப்பதற்கு மட்டும்தான். விற்க முடியாது, யாருக்கும் எழுதி வைக்க முடியாது. அனுபவித்தவர் கண்ணை மூடியதும் அடுத்த வாரிசுக்குத் தானாகப் போய்விடும். இந்த விதியால் ஜார்ஜுக்கு முதலில் லாபம். நாற்பது வருஷம் கழித்து இதே விதி அவர் கையைக் கட்டிப்போட்டது.

மனைவி வழி வந்த சொத்து

1759 ஜனவரியில் வாஷிங்டன் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மார்த்தா அப்போது இரண்டு குழந்தைகளோடு இருந்த இளம் விதவை. முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் வர்ஜீனியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். சுமார் 17,500 ஏக்கர் நிலமும் கிட்டத்தட்ட 300 அடிமைகளும் இருந்தார்கள். இவ்வளவு சொத்து இருந்த மனிதர் உயில் எழுதாமலே 1757-இல் இறந்துவிட்டார்.

உயில் இல்லையென்றால் சட்டம்தான் உயில் எழுதும். வர்ஜீனியா சட்டப்படி நிலத்திலும் அடிமைகளிலும் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, அதுவும் ஆயுள் காலத்துக்கு மட்டும். மீதி குழந்தைகளுக்கு. விதவை இறந்தபின் அந்த மூன்றில் ஒரு பங்கும் முதல் கணவரின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். இதை நாம் விதவைப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். மார்த்தாவின் பங்கில் 84 அடிமைகள் வந்தார்கள்.

நிலத்துக்கு இப்படி ஒரு விதி இருப்பது சரி, மனிதர்களுக்கு எப்படி என்று கேட்கலாம். 1705-லேயே வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டு, வாரிசுரிமை விஷயத்தில் அடிமைகளை நிலம் மாதிரியே அசையாச் சொத்தாகக் கருத வேண்டும் என்று சொல்லிவிட்டது. நடந்து போகிற, பேசுகிற, கல்யாணம் செய்துகொள்கிற மனிதர்கள் சட்டப் புத்தகத்தில் அசையாச் சொத்து!

இன்னொரு விதியும் உண்டு. குழந்தை யாருடைய சொத்து என்பதைத் தாய்தான் தீர்மானிப்பாள். அப்பா யாராக இருந்தாலும், தாய் விதவைப் பங்கில் இருந்தால் பிள்ளையும் விதவைப் பங்குதான். அதனால் அந்த 84 பேர், 1799-இல் 153 பேராகியிருந்தார்கள். வட்டி போடுவது மாதிரி அசலோடு சேர்ந்துகொண்டே போனது.

வாஷிங்டனின் கையெழுத்தில் 29 பக்கம்

1799 ஜூலை 9 தேதியிட்ட இந்த உயிலை வாஷிங்டன் வக்கீல் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே உட்கார்ந்து எழுதினார். மொத்தம் 29 பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. 23-ஆம் பக்கத்தின் கடைசி வார்த்தையே "வாஷிங்டன்" என்று முடிகிறது. கையெழுத்துப் போட்டாயிற்று என்று நினைத்து விட்டுவிட்டார் போலிருக்கிறது :-) கடைசியில் வருஷத்தை எழுத்தில் எழுதும்போது "தொண்ணூற்றொன்பது" என்பதில் ஒன்பதையும் விட்டுவிட்டார். நாம் பரீட்சையில் செய்கிற தப்புகளை அவரும் செய்திருக்கிறார்.

உயிலோடு ஒரு சொத்துப் பட்டியலையும் இணைத்திருந்தார். காமர்ஸ் படிக்கிறவர்கள் ரசிக்க வேண்டிய பட்டியல் அது. நிலம் எங்கே இருக்கிறது, எத்தனை ஏக்கர், ஏக்கர் என்ன விலை, மொத்தம் என்ன, குறிப்புகள் என்ன என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஓஹியோ ஆற்றங்கரையில் 9,744 ஏக்கர், ஏக்கருக்கு 10 டாலர் வீதம் 97,440 டாலர். கிரேட் கனாவா ஆற்றங்கரையில் 23,341 ஏக்கர், 2,00,000 டாலர். வங்கிப் பங்குகள், கால்வாய்க் கம்பெனிப் பங்குகள், அரசாங்கக் கடன் பத்திரங்கள். கோவேறு கழுதைகள், 640 செம்மறி ஆடுகள் உட்பட கால்நடைகள் 15,653 டாலர். எல்லாம் சேர்த்து 5,30,000 டாலர். இதில் மவுண்ட் வெர்னான் சேரவில்லை. அடிமைகளின் மதிப்பும் சேரவில்லை.

இவருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. பங்காளிகளும் மனைவியின் பேரப்பிள்ளைகளும்தான். அதனால் தகராறு வரும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. உயிலின் அர்த்தத்தில் சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல், நேர்மையான மூன்று பேரை வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், இரு தரப்பும் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்த இருவரும் மூன்றாமவரைத் தேர்ந்தெடுக்கட்டும், அவர்கள் சொல்வதே முடிவு என்று எழுதிவிட்டார். நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான்.

பங்கு பிரித்த விதம்

முதலில் எல்லாம் மார்த்தாவுக்கு, அவருடைய ஆயுள் முழுக்க. அதன் பிறகு:

மவுண்ட் வெர்னான் வீடும் சுமார் 4,000 ஏக்கரும் தம்பி ஜான் அகஸ்டினின் மகன் புஷ்ராட் வாஷிங்டனுக்கு. இவர் அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. ஏன் இவர் என்பதற்கு வாஷிங்டனே காரணம் சொல்கிறார். இளைஞராக இருந்தபோது பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போருக்குப் போனார். அப்போது நிலத்தைக் கவனித்துக்கொண்டவர் இந்தத் தம்பி. நான் போரில் செத்துவிட்டால் இது உனக்கு என்று அப்போது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாராம். தம்பி 1787-லேயே இறந்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாயால் சொன்னதைத் தம்பி மகனுக்குக் காகிதத்தில் செய்து கொடுத்தார்.

மேற்குப் பக்கம் சுமார் 2,000 ஏக்கர், மாவு மில், சாராய ஆலை எல்லாம் தங்கை மகன் லாரன்ஸ் லூயிஸுக்கும் அவர் மனைவி நெல்லிக்கும். நெல்லி யார் என்றால் மார்த்தாவின் பேத்தி. அதாவது கணவன் பக்கத்து உறவும் மனைவி பக்கத்து உறவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சொத்து இரண்டு பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் இதைப் புரியவைக்கவே வேண்டாம்!

கிழக்குப் பக்கம் இருந்த 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை இன்னொரு தம்பியின் பேரப்பிள்ளைகள் இருவருக்கு. மார்த்தாவின் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுக்கு அலெக்சாண்ட்ரியா பக்கத்தில் 1,200 ஏக்கர்.

மிச்சம் இருந்த அத்தனையையும், அதாவது அந்த 5,30,000 டாலர் பட்டியலை, விற்று 23 பங்காகப் போட்டு உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கும் மார்த்தாவின் பேத்திகளுக்கும் கொடுக்கச் சொன்னார். சொன்னது சுலபம். மேற்கே இருந்த காட்டு நிலங்களை விற்று, கணக்கை முடித்து, கோப்பை மூடும்போது வருஷம் 1847. வாஷிங்டன் இறந்து 48 வருஷம்! எக்ஸிக்யூட்டர்களாக நியமிக்கப்பட்டவர்களிலேயே பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பட்டியலில் மதிப்பு போடுவது வேறு, அந்த மதிப்புக்கு விற்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

உடன்பிறந்தாரின் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு வாளும் உண்டு. தற்காப்புக்கோ நாட்டுக்காகவோ தவிர உறையிலிருந்து எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

123-ம் 153-ம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1799-இல் வாஷிங்டன் தன் பண்ணைகளில் இருந்த அடிமைகள் எல்லாரையும் பெயர் பெயராகப் பட்டியல் போட்டார். மொத்தம் 317 பேர். இவர்களில் அவருக்குச் சொந்தமானவர்கள் 123. மார்த்தாவின் விதவைப் பங்கு 153. மீதிப் பேர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் வாடகைக்கு எடுத்தவர்கள்.

உயிலில் மார்த்தாவின் ஆயுள் உரிமைக்கு அடுத்ததாகவே வருகிற ஏற்பாடு இந்த 123 பேரைப் பற்றியது. மார்த்தா இறந்தபின் எல்லாருக்கும் விடுதலை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சோறும் துணியும் சாகும்வரை சொத்திலிருந்து தர வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு 25 வயதுவரை எழுதப் படிக்கவும் தொழிலும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒருவரையும் எந்தச் சாக்குச் சொல்லியும் விற்கக்கூடாது, வர்ஜீனியாவை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. போரில் கூடவே இருந்த வில்லியம் லீ என்பவருக்கு மட்டும் உடனடி விடுதலையும் வருஷத்துக்கு 30 டாலரும். வயதானவர்களுக்கான செலவை 1833 வரை சொத்திலிருந்து கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல விஷயம்தான். அந்தக் காலத்து வர்ஜீனியாப் பெருந்தலைகளில் பலர் இதைச் செய்யவில்லை. ஆனால் உயிரோடு இருந்தவரை அவர் யாரையும் விடுவிக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களுடைய உழைப்பை 56 வருஷம் அனுபவித்துவிட்டு, தானும் போய் மனைவியும் போன பிறகு விடுதலை என்றார்.

மீதி 153 பேர்? அவர்களைப் பற்றி வாஷிங்டனால் எதுவும் எழுத முடியாது. அவர்கள் அவருடைய சொத்து இல்லை, மார்த்தாவின் சொத்தும் இல்லை. 42 வருஷத்துக்கு முன்னால் உயில் எழுதாமல் செத்துப்போன டேனியல் கஸ்டிஸின் சொத்து. மார்த்தா இறந்தால் கஸ்டிஸின் பேரப்பிள்ளைகளுக்குப் போக வேண்டியவர்கள். விடுவிக்க வேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் விலை போட்டு அந்த வாரிசுகளுக்குப் பணம் கட்ட வேண்டும். வாஷிங்டனிடம் நிலம் இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. மேற்கு நிலத்தை விற்றும், பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டும் அடிமைகளை விடுவிக்கலாம் என்று 1790-களில் யோசித்திருக்கிறார். சரியான ஆள் கிடைக்கவில்லை, திட்டம் நடக்கவில்லை.

கணக்குப் புத்தகத்தில் 123, 153 என்று இரண்டு பத்தி. பண்ணையில் அப்படி இல்லை. நாற்பது வருஷமாக ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். தச்சர் ஐசக் வாஷிங்டனின் ஆள். அவர் மனைவி கிட்டி, பால் பண்ணையில் வேலை செய்தவர், விதவைப் பங்கு. அவர்களுக்கு ஒன்பது பெண்கள். தாய் விதவைப் பங்கு என்பதால் ஒன்பது பேரும் விதவைப் பங்கு. உயிலால் ஐசக்குக்கு விடுதலை. மனைவிக்கும் ஒன்பது மகள்களுக்கும் இல்லை.

வாஷிங்டனுக்கு இது தெரியாமல் இல்லை. இந்தக் கல்யாணங்களால் பிரிவு வந்தால் எவ்வளவு வேதனை என்பதை அவரே உயிலில் காரணமாகக் காட்டித்தான், மார்த்தாவின் காலம்வரை தள்ளிப்போட்டார். அதாவது பிரிவைத் தடுக்க அவரால் முடியவில்லை, ஒத்திப்போட மட்டும் முடிந்தது.

இன்னும் இரண்டு பேரைப் பார்க்கலாம். ஹெர்குலிஸ் ஜனாதிபதி மாளிகையின் தலைமைச் சமையல்காரர். 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்த நாளன்றே, மவுண்ட் வெர்னானிலிருந்து ஓடிவிட்டார். ஓனா ஜட்ஜ் மார்த்தாவின் பணிப்பெண். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1796 மே 21 அன்று பிலடெல்பியாவிலிருந்து ஓடி, நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் ஓடியவர்கள். ஆனால் ஹெர்குலிஸ் வாஷிங்டனின் ஆள் என்பதால் உயில் அவரையும் சேர்த்து விடுவித்தது. ஓனா விதவைப் பங்கு. 1848-இல் சாகும்வரை சட்டப்படி அவர் கஸ்டிஸ் குடும்பத்தின் சொத்துதான். அவர் பெற்ற பிள்ளைகளும் அப்படியே. ஹெர்குலிஸின் மனைவியும் விதவைப் பங்கு என்பதால் அவருடைய பிள்ளைகளுக்கும் விடுதலை இல்லை.

மார்த்தாவின் பயம்

உயிலில் இன்னொரு சிக்கல் இருந்தது. இதை எழுதும்போது வாஷிங்டன் யோசிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. 123 பேரின் விடுதலைக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு கிழவியின் உயிர். அந்தக் கிழவி அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் மூட்டிய கணப்பு பக்கத்தில் தூங்குகிறார்.

1800 டிசம்பரில் அங்கே வந்துபோன அபிகெயில் ஆடம்ஸ் (இரண்டாவது ஜனாதிபதியின் மனைவி), மார்த்தா தன் உயிர் பாதுகாப்பாக இல்லை என்று பயப்படுவதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1 அன்று மார்த்தா தன் கணவரின் அடிமைகளை விடுவித்துவிட்டார். ஒருவருடைய லாபம் இன்னொருவருடைய சாவில் இருக்கும்படி ஒப்பந்தம் எழுதக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான் இது.

மார்த்தாவுக்குச் சொந்தமாக, விதவைப் பங்கில் சேராமல், எலிஷ் என்று ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரை விடுவிக்க மார்த்தாவுக்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை. பேரனுக்கு எழுதி வைத்தார். சட்டம் கையைக் கட்டியது என்ற சமாதானம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1802 மே 22 அன்று மார்த்தா இறந்தார். விதவைப் பங்கு நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தது. ஒரே பண்ணையில் இருந்த குடும்பங்கள் நாலு வீட்டுக்குப் போயின. ஐசக்கைப் போன்றவர்கள் சுதந்திர மனிதர்களாக நின்று அதைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு என்ன ஆயிற்று?

புஷ்ராட்டுக்கு வீடு வந்தது. ஆனால் வீட்டை நடத்திய ஆட்கள் வரவில்லை, ரொக்கமும் வரவில்லை. அவர் தன்னுடைய அடிமைகளைக் கொண்டுவந்து பண்ணையை நடத்தினார். நஷ்டம்தான். 1821-இல் 54 பேரை லூசியானாக்காரர்களுக்கு விற்றார். தன் அடிமைகளை வர்ஜீனியாவுக்கு வெளியே விற்கக்கூடாது என்று பெரியப்பா எழுதிய அதே வீட்டில்! பத்திரிகைகளில் கண்டனம் வந்தது. அது என் சொத்து, விற்க எனக்கு உரிமை உண்டு என்று அந்த நீதிபதி பதில் எழுதினார். சட்டப்படி அவர் சொன்னது சரி. பெரியப்பாவின் தடை அந்த 123 பேருக்குத்தான், இவர்களுக்கு இல்லை.

1829-இல் புஷ்ராட் இறந்தார். அவருக்கும் பிள்ளை இல்லை. வீடு மறுபடியும் உடன்பிறந்தவர் மகனுக்கு, பிறகு அவர் விதவைக்கு, பிறகு மகன் மூன்றாம் ஜான் அகஸ்டினுக்குப் போனது. கடைசியில் பராமரிக்க முடியாமல் 1858-இல் வீட்டையும் 200 ஏக்கரையும் 2,00,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். வாங்கியது அரசாங்கம் இல்லை. ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற பெண்மணி தொடங்கிய மவுண்ட் வெர்னான் மகளிர் சங்கம், நாடு முழுக்க வசூல் செய்து வாங்கியது. இன்றைக்கும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கஸ்டிஸ் பக்கம்

மார்த்தாவின் பேரன் ஜார்ஜ் கஸ்டிஸ் தனக்கு வந்த அடிமைகளை ஆர்லிங்டன் என்ற இடத்துக்குக் கொண்டுபோய், அவர்களை வைத்தே பெரிய வீடு ஒன்று கட்டினார். 1857-இல் இறந்தபோது அவரும் ஒரு உயில் எழுதியிருந்தார். வீடு மகள் மேரிக்கு ஆயுள் உரிமை, பிறகு மூத்த பேரனுக்கு. அடிமைகளுக்கு ஐந்து வருஷத்துக்குள் விடுதலை. எக்ஸிக்யூட்டர் அவருடைய மருமகன். அந்த மருமகன் பெயர் ராபர்ட் லீ. ஆமாம், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்குத் தலைமை தாங்கிய அதே லீ.

சொத்தில் கடன் இருந்ததால் லீ அந்த ஐந்து வருஷத்தையும் கடைசிவரை இழுத்தார். விடுதலைப் பத்திரம் 1862 டிசம்பர் 29 தேதியிட்டது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. மூன்று நாள் வித்தியாசம்! டேனியல் கஸ்டிஸ் உயில் எழுதாமல் செத்து 105 வருஷம் கழித்து, அந்த விதவைப் பங்கின் ஒரு கிளைக்கு இப்படி விடுதலை கிடைத்தது.

ஆர்லிங்டன் வீடு போரில் அரசாங்கத்திடம் போனது. 92 டாலர் 7 சென்ட் வரி பாக்கி. உரிமையாளர் நேரில் வந்துதான் கட்ட வேண்டும் என்றார்கள். மேரி லீ உறவினரை அனுப்பினார், வாங்க மறுத்துவிட்டார்கள். 1864-இல் அங்கே போர்வீரர்களைப் புதைக்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ஆர்லிங்டன் தேசிய கல்லறை. பேரன் வழக்குப் போட்டார். 1882-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. மறு வருஷம் அரசாங்கம் 1,50,000 டாலர் கொடுத்து முறைப்படி வாங்கிக்கொண்டது. காகிதம் சரியாக இருந்ததால், அரசாங்கத்தை எதிர்த்துப் போரிட்டவரின் மகனுக்கே அரசாங்கம் பணம் கொடுத்தது.

அதே ஆர்லிங்டனில் மரியா சைஃபாக்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். தாய் அரியானா கார்ட்டர், மவுண்ட் வெர்னானிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை. தந்தை ஜார்ஜ் கஸ்டிஸேதான் என்பது அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. பூங்காக்களை நிர்வகிக்கும் அமெரிக்க அரசுத் துறையும் பிற்காலத்தில் அதை ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் மரியா மார்த்தாவின் கொள்ளுப்பேத்தி! கஸ்டிஸ் அவரை விடுவித்து, பண்ணையின் ஓரத்தில் சுமார் 17 ஏக்கர் கொடுத்தார். வாயால் கொடுத்ததோடு சரி, பத்திரம் எழுதவில்லை. போரில் ஆர்லிங்டன் பறிபோனபோது மரியாவின் 17 ஏக்கரும் சேர்ந்து போனது. காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கடைசியில் 1866-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவருக்காகவே தனியாக ஒரு சட்டம் போட்டு அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது.

வாஷிங்டனின் சொத்து குடும்பத்துக்கு எப்படிப் போனது என்று தேடத் தொடங்கினேன். தம்பிக்கு வாயால் சொன்ன வார்த்தையை 29 பக்கக் காகிதத்தில் நிறைவேற்ற அவரால் முடிந்தது. அதே காகிதத்தால் கிட்டியையும் ஒன்பது பெண்களையும் ஐசக்கிடம் விட்டுவைக்க முடியவில்லை. வகுப்பில் எக்ஸிக்யூட்டர் கணக்குப் போடும்போது, சொத்துகளை எழுதி, கடனைக் கழித்து, மீதியை வாரிசுகளுக்குப் பிரித்து, இரண்டு பக்கமும் சமமானால் சரி என்று டிக் அடித்துவிட்டுப் போகிறோம். 1802-இல் கஸ்டிஸ் வாரிசுகள் போட்ட கணக்கும் அப்படிச் சமமாகத்தான் வந்திருக்கும்.

அடுத்த பதிவில் வேறு விஷயத்தோடு வருகிறேன். இதில் ஏதாவது தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.